நாலு வீட்டு லெமன் ரைஸ்

கேள்வி: அக்கா, ஒரே காலேஜில் படித்த எட்டுப் பேர் நாங்கள். இப்போது குடும்பத்தோடு சேர்த்து எண்ணினால் பெரியவர்கள் 19, பிள்ளைகள் 7. வேளச்சேரி, தாம்பரம், வண்ணாரப்பேட்டை, அண்ணாநகர், போரூர் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் முடிந்து வருகிற சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு என்பதால், நங்கநல்லூரில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில் பாட்லக் (வீட்டுக்கு ஒரு அயிட்டம் கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுவது) வைக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். போன வருடம் வேளச்சேரி நண்பன் வீட்டில் இதேபோல் கூடினோம். நாலு வீட்டிலிருந்து லெமன் ரைஸ் வந்தது, பொரியல் ஒன்றுகூட இல்லை, பேச்சுலராக இருக்கும் பெருங்குடி நண்பன் இரண்டு சிப்ஸ் பாக்கெட்டோடு வந்தான் என்று இன்றுவரை முணுமுணுப்பு. இந்தத் தடவை ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார், இரண்டு வீடு சைவம், மற்றவர்கள் பிரியாணி இல்லாமல் என்ன பார்ட்டி என்கிறார்கள். லிஸ்ட் போட்டால் ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்வார்கள். என் மனைவியோ எல்லாவற்றையும் கடையில் ஆர்டர் செய்துவிடலாம் என்கிறாள். கீழ் வீட்டில் ஓனர் குடியிருக்கிறார். என்ன செய்யலாம்? (நங்கநல்லூர் வாசகர்)

பதில்: தம்பி, கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் மனைவி ஆர்டர் செய்யலாம் என்றது சோம்பலில் சொன்னது இல்லை. எட்டு வீட்டுப் பாத்திரம் ஒரு வீட்டுக்குள் வந்து இறங்கினால் சாயங்காலம் அது எங்கே போய்க் குவியும் என்று அவருக்குத் தெரியும், அந்தக் குவியலுக்கு முன்னால் நிற்கப் போவது யார் என்றும் தெரியும். நான் 26 வருடமாகக் கேட்டரிங் செய்கிறேன். நூறு பேர் சாப்பாட்டுக்கே பாத்திரம் தேய்க்கத் தனி ஆள் போட்டுத்தான் ரேட் சொல்வோம். நண்பர்கள் கூடும் வீட்டில் மட்டும் அந்த ஆள் எங்கிருந்தோ சம்பளமில்லாமல் வந்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்: யார் கொண்டு வந்த பாத்திரமும் உங்கள் வீட்டில் தேய்க்கப்படாது. மிச்சத்தை வழித்து, ஒரு தண்ணீர் விட்டு அலசி, மூடி போட்டு அவரவர் பையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். குரூப்பில் நீங்களே போடுங்கள், மனைவி சொன்னதாகப் போடாதீர்கள். போட்ட பிறகு, ஆர்டர் செய்யலாமா பாட்லக்கா என்று அவரிடம் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள், பதில் மாறலாம்.

அடுத்தது ஓனர். அவர் என்ன சாப்பிடுவார் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் மொட்டைமாடிக்கு ஒரு அனுமதி, பிரியாணிக்கு ஒரு அனுமதி என்று தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். மாடிக்கு ஃப்ரெண்ட்ஸ் வருகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, மார்கழி மாதத்தில் அவர் வாசலைத் தாண்டி மட்டன் மணத்தோடு பக்கெட் ஏறினால், அது அடுத்த முறை வாடகை ஏற்றும்போது நினைவுக்கு வரும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வெஜ் பிரியாணிக்கு மாறுங்கள், யாரும் செத்துப்போக மாட்டார்கள். எத்தனை வண்டி வரும், எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, அனுமன் ஜயந்தி அந்த வாக்கில் வருகிற வருடமாக இருந்தால் ஆஞ்சநேயர் கோயிலைச் சுற்றி வண்டி விட இடம் கிடைக்காது, காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி லெமன் ரைஸ். போன வருடம் "யார் என்ன கொண்டு வர்றீங்க?" என்று குரூப்பில் கேட்டிருப்பீர்கள், ஒருவர் கட்டை விரல் போட்டிருப்பார், மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். சனிக்கிழமை காலை எழுந்ததும் நாலு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்திருக்கும்: குக்கரில் சோறு வை, நாலு பழம் பிழி, தாளி, முடிந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. குரூப்பில் கேட்காதீர்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் போடுங்கள். ஏதாவது கொண்டு வா என்று சொல்லாதீர்கள், பெயரைச் சொல்லிக் கேளுங்கள். காலேஜ் நாளில் உங்க அம்மா கட்டிக் கொடுப்பாங்களே அந்த வத்தக்குழம்பு, அது வேணும்டா என்று கேட்டால் எவனும் ஆபீஸ் என்று சிரிக்க மாட்டான், அவன் அம்மாவிடமே போனைக் கொடுத்தாலும் கொடுப்பான். எல்லாரிடமும் பேசி முடித்த பிறகு, முடிவானது இதுதான் என்று குரூப்பில் ஒரே மெசேஜ் போடுங்கள். லிஸ்ட்தான் அது, ஆனால் அவர்களே ஒத்துக்கொண்ட லிஸ்ட்.

யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். யார் நன்றாகச் சமைப்பார்கள் என்று பார்க்காதீர்கள், யார் எதில் வருகிறார்கள் என்று பாருங்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போகும்போது நம் பாட்டிகள் சாம்பார் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனதில்லை. புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று சிந்தாத சித்ரான்னமாகத்தான் கட்டினார்கள். நம் ஊரில் கூட்டாஞ்சோறு எப்போதும் நடந்ததுதான், பாட்லக் என்று பெயர் வைத்த பிறகு இந்த விவரம் மறந்துபோய்விட்டது.

இது எனக்கும் பட்டுத்தான் தெரிந்தது. தொழில் தொடங்கிய புதிதில், மாம்பலத்திலிருந்து ஆலந்தூருக்கு ஒரு சின்ன சீமந்தச் சாப்பாடு. மற்றதெல்லாம் வேனில் போய்விட்டது, கடைசியாக வைத்த மிளகு ரசத்தை மட்டும் பெரிய தூக்கில் ஊற்றி நானே ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கத்திப்பாரா பக்கம் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது, ஆட்டோவும் நின்றது, ரசம் நிற்கவில்லை. முழங்காலிலிருந்து செருப்பு வரை சூடாக இறங்கியது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "அக்கா, பெருங்காயம் தூக்கலா இருக்கு" என்றார். அன்றிலிருந்து குழம்பு, ரசம் எது போனாலும் பாத்திரத்தில் முக்கால் அளவுதான், மூடியின் விளிம்பைச் சுற்றிச் சப்பாத்தி மாவைத் திரித்து ஒட்டி அமுக்கி, மேலே துண்டால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, சீட்டில் வைக்காமல் வண்டியின் தரையில் ஈரத்துணி விரித்து அதன் மேல் வைப்பது. ஈரத்துணி மேல் பாத்திரம் வழுக்காது.

அதனால், தாம்பரத்துக்காரர் மின்சார ரயிலில் பழவந்தாங்கலில் இறங்கி வருவார் என்றால் அவர் கையில் புளியோதரையைக்கூடக் கொடுக்காதீர்கள், புளிக்காய்ச்சலை மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள். நல்லெண்ணெய் மேலே மிதக்கிற அந்தக் கறுப்பு விழுதை வியாழக்கிழமையே காய்ச்சி ஒரு பாட்டிலில் அடைத்துவிடலாம், ஊறினால் இன்னும் நன்றாக இருக்கும். சோறு உங்கள் வீட்டில் வடித்தது. பெரிய தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, கொஞ்சம் ஆவி அடங்கியதும் விழுதைப் போட்டுக் கரண்டிக் காம்பால் கிளறி, வறுத்த வேர்க்கடலையைக் கடைசியாகத் தூவினால், கடலை கடக்கென்று கடிபடும். கிளறி அடைத்துக் கொண்டு வந்த புளியோதரையில் அந்தக் கடலை நமுத்துப்போய்க் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். வண்ணாரப்பேட்டைக்காரருக்கு மெட்ரோவில் ஏறினால் நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷன் வரை மாற வேண்டியதே இல்லை, பிள்ளைகளுக்காக மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய மினி இட்லியை அவருக்குக் கொடுங்கள், ரயில் பயணத்துக்கு என்றே பிறந்த சாப்பாடு அது. போரூர்க்காரர் பைக்கில் வந்தால் எண்ணெய்க் கத்திரிக்காய் தொக்கு பதத்தில், இறுக்கமான டப்பாவில். குழம்பு, தயிர் வடை எல்லாம் கார் இருக்கிற அண்ணாநகருக்கு. வடை தனி, தயிர் தனி, இங்கே வந்துதான் சேர வேண்டும். வேளச்சேரிதான் எல்லாரையும்விடப் பக்கம், அந்த வீட்டுக்குப் பொரியல், கூட்டு. சூடாக வர வேண்டியது பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். மாவு அரைத்து எடுத்து வந்து உங்கள் வீட்டிலேயே மசால் வடை சுடுகிறேன் என்று யாராவது ஒருவர் ஆசையாகச் சொல்வார், எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் இரண்டு அடுப்பையும் அவர் பிடித்துக்கொள்வார், ஏழு பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் கொதிக்கிற எண்ணெய் வேறு.

உங்கள் வீட்டுப் பங்கு, யாரும் பாராட்டாத சாமான்கள்: வெறும் சோறு, தயிர் சாதம், அப்பளம், ஊறுகாய். காலையிலேயே அப்பளம் பொரித்து டின்னில் அடைத்துவிடுங்கள். தயிர் சாதத்துக்குச் சோற்றைக் குழைய மசித்து, காய்ச்சி ஆறின பாலை ஊற்றி, தயிர் இரண்டே கரண்டி மட்டும் சேர்த்து வையுங்கள், மீதித் தயிரைப் பரிமாறும்போது கலந்தால் புளிக்காது, கெட்டியாகவும் போகாது. அரைக் கிலோ அரிசிக்கு ஒரு லிட்டர் பால், அரை லிட்டர் தயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புக்கு யாரையும் ஏற்பாடு செய்யாதீர்கள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், எல்லார் வீட்டிலும் யாரோ கொடுத்த கேக்கும் கல்கல்லும் இருக்கும், சொல்லாமலே வந்து சேரும்.

அளவு. இங்கேதான் பணம் வீணாவது. 26 பேருக்கு என்று ஒவ்வொரு வீடும் 26 பேருக்குச் சமைத்தால் எட்டுப் பங்கு சாப்பாடு வந்து குவியும். பத்து அயிட்டம் வரிசையாக இருந்தால் யாரும் எதையும் முழுதாகப் போட்டுக்கொள்ள மாட்டார்கள், எல்லாவற்றிலும் ஒரு கரண்டிதான். பிள்ளைகளை அரை ஆளாக எண்ணினால் உங்களுக்கு 23 சாப்பாடு, ஒவ்வொரு தொடுகறியும் 12 பேர் முழுதாகச் சாப்பிடும் அளவு இருந்தால் போதும். பொரியல் என்றால் ஒரு கிலோ காய். அரிசிக் கணக்கு என்றால், ஆளுக்கு 150 கிராம் வைத்தால் தாராளம், மொத்தம் மூன்றரைக் கிலோ. அதில் ஒன்றரை கிலோ பிரியாணிக்குப் போனால், புளியோதரைக்கு ஒரு கிலோ, தயிர் சாதத்துக்கு அரை, வெறும் சோறு அரை. எண்ணிக்கையைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னீர்கள் என்றால் உங்கள் நண்பர்களின் அம்மாக்கள் அண்டா எடுத்துவிடுவார்கள்.

பிரியாணியை யாரும் வீட்டில் செய்ய வேண்டாம். வாங்குங்கள். மற்றவர்கள் பொரியலோடு நிற்கும்போது ஒருத்தர் மட்டும் ராத்திரி முழுக்க மட்டனோடு போராடுவது நியாயம் இல்லை, அதிலும் தம் போட்ட தேக்சாவைத் தூக்கி இரண்டு மாடி ஏற வேண்டும். ஒன்றரை கிலோ என்று சொல்லி ஆர்டர் கொடுங்கள். நம் ஊரில் கிலோ என்பது அரிசிக் கணக்கு, கறி தனி, போகிற கடையில் கறி எவ்வளவு போடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காசை, பிரியாணி இல்லாமல் என்ன பார்ட்டி என்று கேட்டவர்களே பிரித்துக்கொள்ளட்டும், அதுதான் அவர்கள் பங்கு. பிரியாணி மேஜையை மாடியின் அந்தக் கோடியில் போடுங்கள், கரண்டி தனி. கடையில் கூடவே கொடுக்கும் கத்திரிக்காயைச் சைவக்காரர்கள் தொட மாட்டார்கள், அதனால்தான் போரூர் கத்திரிக்காயை வீட்டில் செய்யச் சொன்னேன், அது இரண்டு மேஜைக்கும் பொது. தயிர்ப் பச்சடிக்கு வெங்காயத்தைச் சாப்பிடுவதற்குச் சற்று முன்னால் போட்டால் போதும்.

மாலை போட்டவரிடம் நேராகவே கேளுங்கள்: "சாமி, எங்க வீட்டில் சாப்பிடுவீங்களா?" மண்டல பூஜைக்குப் போகிறவர் என்றால் 41 நாள் கணக்கு அந்த வாரத்தை ஒட்டியே முடிகிறது, அவர் மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியிருந்தாலும் கழற்றியிருப்பார். மகர ஜோதிக்கு என்றால் ஜனவரி நடுவாக்கு வரை விரதம். சில சாமிகள் வெளி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள், சிலர் வெங்காயம் பூண்டு இல்லாவிட்டால் சாப்பிடுவார்கள், சிலர் அசைவம் இருக்கிற இடத்துக்கே வர மாட்டார்கள். எதையும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அவர் வீட்டிலிருந்து டிபன் கேரியர் வந்தால் அதைத் திறந்து எல்லாருக்கும் பங்கு போடக் கிளம்பாமல், அவருக்கு என்று ஒரு இலையை முதலில் போட்டு உட்காரவையுங்கள். அவருக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாக ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கட்டும். குழந்தைகளில் யாருக்காவது வேர்க்கடலை, முந்திரி ஆகாது என்றால் அதையும் இந்தப் போன் சுற்றிலேயே கேட்டுவிடுங்கள்.

சிப்ஸ் நண்பருக்கு வருகிறேன். பேச்சுலர், அடுப்பு இருக்கிறதோ இல்லையோ, அவரிடம் எல்லாரும் ஏதாவது செய்துகொண்டு வா என்றால் அவர் வழியில் இருக்கிற கடையில்தான் நிற்பார். அவர் இல்லாவிட்டால் பார்ட்டி நடக்காது என்கிற வேலையை அவருக்குக் கொடுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, ஐஸ், பாக்கு மட்டைத் தட்டு, நாற்காலி வாடகை, ஐஸ்கிரீம் ஃபேமிலி பேக், இத்தனையும் அவர் பொறுப்பு, பதினொரு மணிக்கே வந்துவிட வேண்டும், கேனை மாடிக்கு ஏற்றுவது உள்பட. எனக்குத் தெரிந்து எந்தக் கூட்டத்திலும் தண்ணீர் கேன் ஏற்றியவரைப் பற்றி யாரும் முணுமுணுத்ததில்லை. தட்டும் டம்ளரும் வாங்கும்போது ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப், தட்டு, தெர்மக்கோல் தட்டு எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம். டம்ளரை வீட்டுக்கு நாலாக அவரவரே எடுத்து வரட்டும். வாழை இலை அழகுதான், ஆனால் நின்றுகொண்டு சாப்பிடும் இடத்தில் இலை கையில் நிற்காது.

நேரம் மதியம்தான், ராத்திரி வேண்டாம். ராத்திரி என்றால் எல்லாரும் காலையிலோ மத்தியானமோ சமைத்து மூடிவைத்துவிடுவார்கள், மேலே மார்கழிப் பனி, கொசு. சமைத்த சோற்றைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி, அதன் வித்துகள் சோறு கொதித்தாலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நஞ்சைக் கக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடு காட்டினாலும் போகாது. 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கட்டும், இல்லாவிட்டால் 5 டிகிரிக்குக் கீழே ஃபிரிட்ஜில் இருக்கட்டும், நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் கணக்கு. அதனால் சோறு பதினொன்றரைக்குத்தான் வடிக்க வேண்டும், தேங்காய்ச் சட்னி யாரும் கொண்டு வரக் கூடாது, பிரியாணி பன்னிரண்டரைக்கு வந்தால் போதும். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டேகாலுக்கே போட்டுவிடுங்கள், பெரியவர்கள் பேசிப் பேசி ஒரு மணிக்கு வரட்டும். மழை வருமா என்று கேட்காதீர்கள், வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசி வரைக்கும் எட்டிப் பார்க்கும். துணிச் சாமியானா வெயிலுக்குத்தான், மழைக்கு ஆகாது. உங்கள் ஹாலில் 26 பேரும் நெருக்கி உட்கார முடியுமா என்று வெள்ளிக்கிழமையே சோபாவைத் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாகப் பாத்திரம். எல்லார் வீட்டு ஹாட் பாக்ஸும் ஒரே மாதிரி இருக்கும், மூடிகள் இன்னும் மோசம். முன்பெல்லாம் பாத்திரக் கடையில் எவர்சில்வர் வாங்கும்போதே பெயரை வெட்டித் தருவார்கள், இப்போது அதை யாரும் கேட்பதில்லை, அதனால் ஒரு பேப்பர் டேப்பும் பேனாவும் படிக்கட்டு முனையில் வையுங்கள், அடியிலும் மூடியிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டு மாடி ஏறட்டும். பேப்பர் டேப் ரசம் பட்டால் உரிந்துவிடும், கொஞ்சம் காய்ந்த இடமாகப் பார்த்து ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தூக்கு இருக்கிறது, அடியில் இரண்டு இனிஷியலும் 12-6-74 என்று ஒரு தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், யாரோ ஒருவர் கல்யாணத்துக்கு வந்த சீர். ஏதோ ஒரு கூட்டத்தில் எங்கள் தூக்கு அங்கே போய் அது இங்கே வந்துவிட்டது. இருபது வருடம் ஆகிறது, இதுவரை யாரும் கேட்கவில்லை, எங்கள் தூக்கும் திரும்பி வரவில்லை. அதில்தான் இப்போதும் மாவு ஊற்றி வைக்கிறேன்.